பராமரிப்பு என்று நான் எழுதிவைத்த இரண்டு நாட்கள்

திட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நால்வரும் என் பழைய அட்டவணைகளைக் கேட்டு எழுதியிருந்தீர்கள். அனுப்பியிருக்கிறேன். அவற்றை மட்டும் பார்த்தால் நான் தவறே செய்யாதவன் போலத் தெரியும். அதனால் என் நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் தவறு ஒன்றை முழுதாக எழுதி இத்துடன் சேர்க்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வில் வந்துவிட்டவனுக்கு இதை மறைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

நமக்கென்று சொந்த மருந்து கிடையாது என்பது உங்களுக்கு முதல் நாளே சொல்லப்பட்டிருக்கும். யார் யாரோ கண்டுபிடித்த மருந்தை நம் கலனில் வளர்த்துக் கொடுக்கிறோம். அப்போது பெரிய கலன் ஒன்றுதான், இரண்டாயிரம் லிட்டர். அது எந்த வாரம் யாருக்கு என்று ஓராண்டுக்கு முன்பே எழுதி விற்றுவிடுவோம். நாம் விற்கும் சரக்கு நாட்கள்தான். அந்த நாட்களுக்குக் கட்டம் போட்டவன் நான்.

இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எனக்குப் பழகாத காட்சி ஒன்று உண்டு. உறைநிலைப் பெட்டியிலிருந்து சுண்டுவிரல் அளவுக் குழாய் ஒன்றை எடுப்பார்கள். அதில் இருப்பது ஒரு மில்லிலிட்டர். பார்த்தால் ஐஸ் துண்டு. அதற்குள் உயிரணுக்கள் உறங்குகின்றன. இளஞ்சூட்டில் உருக்கி, சின்னக் குடுவைக்கு மாற்றினால், ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒருமுறை இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும். குடுவையிலிருந்து பெரிய குடுவை, அதிலிருந்து சிறு கலன், பிறகு பெரிய கலன். ஐந்து வாரத்தில் இரண்டு ஆள் உயரமுள்ள எஃகுக் கலன் நிறைந்து நிற்கும். கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தால் நீராகாரத்தின் நிறம். அதில் ஒவ்வொரு துளியிலும் எண்ண முடியாத உயிரணுக்கள், ஒவ்வொன்றும் யாரோ ஒரு நோயாளிக்கான மருந்தைச் சுரந்துகொண்டிருக்கும். வெளியே வந்தால் சீமைக்கருவேலங்காடும் வெடித்த கரிசலும். எத்தனை முறை பார்த்தாலும் கலன் அருகில் என் குரல் தானாகத் தணிந்துவிடும்.

கலனில் பதினான்காம் நாள் அறுவடை. வயலில் சொல்லும் அதே சொல்தான் நமக்கும். அன்று உயிரணுக்களை வடிகட்டிப் பிரித்து, மருந்து உள்ள நீரை மட்டும் எடுக்க வேண்டும். அதற்குமேல் விட்டால் அவை செத்து உடைந்து, தாங்கள் செய்த மருந்தைத் தாங்களே கெடுத்துவிடும். ஒரு நாள் தாமதம்கூட அவற்றிடம் செல்லாது.

இனித் தவறுக்கு வருகிறேன்.

உங்களில் ஒருவர் கோயம்புத்தூர்க்காரர் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் மாசி மாத மகா சிவராத்திரி என்றால் குலதெய்வக் கும்பிடு. அன்று சாயங்காலத்துக்குள் அவரவர் குலசாமியிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இரவு முழுக்கப் பூசை, மறுநாள் பொங்கல், கிடாவெட்டு, கறிச்சோறு. சென்னையில் இருப்பவர்கூட வந்துவிடுவார். பணம் உள்ளவர், இல்லாதவர், படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் இது ஒன்றே. இந்த நிலத்தில் ஆலை நடத்துகிறவர் அந்த இரண்டு நாளில் ஆள் இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

நான் மல்லாங்கிணற்றுக்காரன். எனக்கு இது தெரியாதா? ஆலை தொடங்கிய ஆண்டே அட்டவணையில் அந்த இரண்டு நாட்களைக் காலியாக விட்டேன். 'குலதெய்வ வழிபாடு' என்று எழுதியதைப் பார்த்த அன்றைய மேலதிகாரி, வாடிக்கையாளரின் தணிக்கையாளர்கள் சிரிப்பார்கள் என்றார். எனக்கும் கூச்சமாக இருந்தது. அழித்துவிட்டு 'பராமரிப்பு' என்று எழுதினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதன்பின் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் பார்த்து, இரண்டு கட்டங்களுக்குச் சாம்பல் வண்ணம் அடித்து, 'பராமரிப்பு' என்று எழுதிவிடுவேன். அந்தச் சாமர்த்தியத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒன்பதாம் ஆண்டு மார்கழியில், புதிதாக வந்திருந்த வணிக மேலாளர் ஓர் அவசரக் கோரிக்கையோடு வந்தார். வெளிநாட்டுச் சிறு நிறுவனம் ஒன்று. ஒரு நொதி உடலில் சுரக்காமல் பிறக்கும் குழந்தைகளுக்கான மருந்தை அவர்கள் வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகள் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு நடுத்தரப் பள்ளிக்கூடத்தில் அடங்கிவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டும். நிறுத்தினால், நடக்கப் பழகியிருந்த பிள்ளை மறுபடி படுக்கைக்குப் போய்விடும். அவர்களுக்கு இதுவரை தயாரித்துக் கொடுத்த ஆலையில் கிருமி புகுந்து கலனை மூடிவிட்டார்கள். கையிருப்பு ஆனி மாதம் வரைதான் வரும். நம்மிடம் அடுத்து காலியாக இருந்த இடமோ ஆவணியில்.

"மாசியில ரெண்டு பேட்ச்சுக்கு நடுவுல இடைவெளி இருக்கு. இந்த ரெண்டு நாள் பராமரிப்பைத் தள்ளிவச்சா ஒரு பேட்ச் உள்ள போயிரும். முடியுமா பாருங்க" என்றார் மேலாளர்.

நான் பார்த்தேன். சாம்பல் கட்டம், பராமரிப்பு. அந்த ஆண்டு அதையொட்டிக் குளிர்விப்பான் பழுதுபார்ப்பும் இருந்தது. பொறியியல் பிரிவைக் கேட்டேன், இரண்டு வாரம் தள்ளலாம் என்றார்கள். என் நாட்குறிப்பில் அன்றைய வரி: 'மாசிப் பராமரிப்பு ஒத்திவைப்பு. பிற்பகல் 3.40. கையொப்பமிட்டேன். ஒரு பேட்ச் இடம் கிடைத்தது.' அடியில் நிறைவோடு கோடும் போட்டிருக்கிறேன். பிறரிடமிருந்து மறைக்க நான் எழுதிய சொல் என்னிடமிருந்தே அதை மறைத்துவிட்டது.

பெரிய கலனில் ஆறாம் நாள், ஒரு வியாழக்கிழமை காலை. அறுவடைக் குழுவின் ஷிஃப்ட் லீடர் பாண்டியம்மாள் என் அறைக்கு வந்தார். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமம். அருப்புக்கோட்டையில் நுண்ணுயிரியல் படித்துவிட்டு நேராக நம்மிடம் சேர்ந்தவர்.

"சார், இந்த வருசம் வேனு மூணா அனுப்புங்க. கருப்பசாமிக்கும் முருகனுக்கும் தையில கல்யாணமாச்சுல்ல, புதுப்பொண்ணு ரெண்டையும் சாமிக்குக் காட்டணும். ரெண்டு வேனுல அடைச்சா சண்டை வந்துரும்."

"என்னைக்கும்மா?"

"என்ன சார் புதுசாக் கேக்குறீக? சிவராத்திரிக்குத்தான். இன்னையோட எட்டாம் நாளு."

நான் விரலால் எண்ணினேன். பிறகு கணினியைத் திறந்து எண்ணினேன். எட்டாம் நாள் சிவராத்திரி என்றால் அது கலனில் பதின்மூன்றாம் நாள். அறுவடை அதற்கு மறுநாள் காலை. நடந்ததை அவரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்காரவில்லை.

"மாசிப் பராமரிப்புன்னா எதப் பராமரிக்கிறதுன்னு நெனச்சீக சார்?"

கணினியை அவர் பக்கம் திருப்பி, நான் கையொப்பமிட்ட கட்டத்தைக் காட்டினேன்.

"எங்க நாள எங்கள ஒரு வார்த்த கேக்காம வித்துட்டீகளே" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அன்று மதியமே ஆலைத் தலைவர் அறையில் கூடினோம். வணிக மேலாளர் சென்னைக்காரர், நல்ல மனிதர்தான். "ஒரே ஒரு வருஷம் தள்ளிப் போகக் கூடாதாம்மா?" என்று பணிவாகத்தான் கேட்டார்.

"தள்ளிப் போறதுக்குச் சாமி மீட்டிங்கா போட்டுருக்கு?" என்றார் பாண்டியம்மாள்.

இரட்டைச் சம்பளம் தருவதாகத் தலைவர் அறிவித்தார். சாயங்காலம் வடிகட்டியைப் பார்த்துக்கொள்ளும் கருப்பசாமி வந்தார். "நாங்க ஏழு பேரு பேசிட்டோம் சார். விடியக்காலப் பூசை முடிஞ்சதும் கோயில்ல இருந்து நேரா வந்துர்றோம். கறிச்சோத்த மட்டும் எடுத்து வைக்கச் சொல்லிருவோம்" என்று சிரித்தார். எனக்குப் போன உயிர் வந்தது. நாட்குறிப்பில் 'தீர்ந்தது' என்று எழுதினேன். அந்தச் சொல்லை அரை மணி நேரத்தில் அடித்தேன். பாண்டியம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை.

"ராத்திரி பூரா முழிச்சவனக் கொண்டாந்து வால்வத் தொறக்கச் சொல்லுவீகளா? நா கையெழுத்துப் போட மாட்டேன்."

"அவங்களே வாறோம்னு சொல்றாங்களேம்மா" என்றார் தலைவர்.

"சொல்லத்தான் செய்வாக. ஏலே கருப்பசாமி, போன வருசம் மறுநாளு நீ பைக்க எங்க விட்ட?"

கருப்பசாமி தலை குனிந்தார். "கண்மாய்ல."

"தண்ணியில்லாத கண்மாயா இருக்கப்போயி நிக்கிறான். நரம்புல ஏத்துற மருந்து சார் இது. தூங்கி விழுறவன் கையில நா குடுக்க மாட்டேன். வேற ஆளப் போட்டுச் செய்யுறதுன்னா செஞ்சுக்கோங்க."

வேறு ஆள் எங்கே இருக்கிறது? பயிற்சி பெற்று, தேறி, பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் மட்டுமே அறுவடையைத் தொட முடியும். அப்படிப்பட்டவர்கள் நம்மிடம் பதினொரு பேர். கலன் இரண்டாயிரம் லிட்டர் என்று ஒன்பது ஆண்டாக வாடிக்கையாளருக்குச் சொல்லிவந்த நான், நம் உண்மையான உற்பத்தித் திறன் பதினொரு பேர் என்பதை அந்த அறையில்தான் உணர்ந்தேன்.

மறுநாள் முழுக்க அந்த மருந்தின் ஆய்வுக் கோப்பைப் படித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. பன்னிரண்டாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை எப்போது அறுத்தாலும் மருந்தின் தரம் மாறவில்லை, அளவுதான் குறைகிறது என்று சோதித்து எழுதியிருந்தார்கள். வடித்த நீரைக் குளிர்தொட்டியில் எட்டு டிகிரிக்குக் கீழே வைத்தால், வடித்து முடித்ததிலிருந்து நாற்பத்தெட்டு மணி நேரம் கெடாது என்றும் இருந்தது. உயிரணுக்கள் காத்திருக்காது, அவை செய்த மருந்து இரண்டு நாள் காத்திருக்கும்.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு பாண்டியம்மாளிடம் போனேன். "சிவராத்திரியன்னைக்கே, பதின்மூணாம் நாள் விடிகாலையில ஆரம்பிச்சா?"

அவர் கொஞ்ச நேரம் பக்கத்தைப் பார்த்தார். பிறகு ஒரு தாள் கேட்டார். என் அட்டவணையின் பின்பக்கத்தையே கொடுத்தேன். பதினொரு பெயர்களை வரிசையாக எழுதினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சாமி எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று குறித்தார். பந்தல்குடிக்குக் கிழக்கே கண்மாய்க்கரை, ஆறு மணி. காரியாபட்டி தாண்டி, ஐந்தரை. புதுமாப்பிள்ளைகள் இருவரும் பெண்ணைக் கூட்டிப்போக வேண்டும், அவர்களுக்கு அரை மணி முன்னதாக. சாமிப்பெட்டி தூக்கும் இருவர் கையில் காப்புக் கட்டியிருக்கிறார்கள். கும்பிடு முடியும்வரை அவிழ்க்க முடியாது. கையில் கயிறு இருந்தால், கலன் இருக்கும் கிருமி புகாத க்ளீன் ரூமுக்குள் விடமாட்டார்கள். ஆகவே அந்த இருவருக்கும் வெளியே தொட்டிப் பக்கம் வேலை.

"உள்ள ஒம்பது பேரு. மூணு மணிக்கு முடிச்சுட்டா எல்லாரும் சேந்துரலாம்" என்றார். "ஒம்பது பத்தும். ஒருத்தருக்குக் காச்சல் வந்தாலும் பத்தாது."

ஒன்பது ஆண்டு அட்டவணைகளில் எத்தனையோ பத்திகள் போட்டிருக்கிறேன். இந்தப் பத்தி ஒன்றைப் போட்டதில்லை. அவர் எழுதி முடிக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வாடிக்கையாளர் நிறுவனத்தின் விஞ்ஞானி ஒரு பெண்மணி. திரையில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னோம், 'பராமரிப்பு' என்பது என்ன என்பதையும் சேர்த்து. அவர் சிரிக்கவில்லை. ஒரு நாள் முன்னதாக அறுத்தால் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டார். திரையில் அவர் குனிந்த தலை மட்டும் தெரிந்தது. நிமிர்ந்து, "எங்கள் பிள்ளைகளுக்கு அடுத்த பேட்ச் வரும்வரை போதும், வழியில் எதுவும் வீணாகாவிட்டால்" என்றார்.

சிவராத்திரியன்று காலை ஐந்தரைக்கு அறுவடை தொடங்கியது. எனக்கு உள்ளே அனுமதி இல்லை. கண்ணாடிக்கு வெளியே தலைவரோடு நின்றேன். உள்ளே ஒன்பது பேர், கண் மட்டும் தெரியும் வெள்ளை உடையில். யார் யார் என்று நடையை வைத்துத்தான் சொல்ல முடியும். பதினொரு மணிவரை எல்லாம் கணக்குப்படி போனது.

பதினொன்று பத்துக்கு வடிகட்டியின் அழுத்தம் ஏறத் தொடங்கியது. உயிரணுச் சக்கை வடிகட்டியை அடைக்கிறது. அழுத்தத்தைப் பொருட்படுத்தாமல் இதே வேகத்தில் தள்ளினால் மூன்று மணிக்கு முடியும். ஆனால் உயிரணுக்கள் உடைந்து கசடு மருந்துக்குள் இறங்கலாம். வேகத்தைக் குறைத்தால் மருந்து பிழைக்கும், ஐந்து மணியாகும், சாமிக்கு நேரமாகும். அழுத்தம் இன்னும் எல்லைக்குள்தான் இருந்தது. தள்ளியிருந்தாலும் விதிப்படி யாரும் கேட்க முடியாது.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் உள்பேசியை எடுத்தேன். அந்த ஒன்பது பேரின் நாளை ஒருமுறை விற்றவன் நான். மறுபடி எந்த வாயால் மெதுவாகப் போகச் சொல்வது? தள்ளச் சொல்லவும் வாய் வரவில்லை. அதற்குள் பாண்டியம்மாளின் கை பம்ப்பின் திருகுக்குப் போனதைப் பார்த்தேன். குறைத்தார். யாரையும் கேட்கவில்லை. பிறகு உள்பேசியில் அவர் குரல் வந்தது.

"சார், முடிய அஞ்சாயிரும். பட்டியல எடுங்க. தூரத்துச் சாமிக்காரவுகள முதல்ல வெளிய விடுறேன். கலன் கொறையக் கொறைய ஆளு கொறைச்சாப் போதும். காரியாபட்டி வேன ரெண்டரைக்கு வாசல்ல நிப்பாட்டுங்க."

அன்று நான் செய்த ஒரே உருப்படியான வேலை வாசலில் வேன் நிறுத்தியதுதான். இரண்டரைக்கு இருவர் வந்தார்கள். மூன்றே காலுக்கு இருவர். நான்கு மணிக்குக் கருப்பசாமி வந்து, உடை மாற்றிக்கொண்டு, புது வேட்டியைக் கட்டியபடியே ஓடினார். உள்ளே கலனின் மட்டம் இறங்க இறங்க ஆட்களும் குறைந்தார்கள். அவசரத்தில் ஒருவர்கூடக் கையெழுத்தையோ நேரத்தையோ விடவில்லை. பின்னால் பதிவேட்டைச் சரிபார்த்தவன் நான். அவ்வளவு சுத்தமான பதிவேட்டை அதற்குமுன் கண்டதில்லை.

கடைசியாக, ஐந்து பத்துக்கு, பாண்டியம்மாள் வெளியே வந்தார். அவர் கணவர் மூன்று மணியிலிருந்து வாசலில் பைக்கோடு நின்றிருந்தார். முன்னால் பட்டுப்பாவாடையில் மகள்.

"ஏன் சார், உங்க செல்லுகளுக்கெல்லாம் குலசாமி கெடையாதா? எம்பொண்டாட்டி இல்லாட்டி நடக்காதோ?" என்றார் அவர் என்னிடம்.

"இன்னைக்கி அதுகளுக்கு நாந்தான். வண்டிய எடுங்க" என்று பின்னால் ஏறிக்கொண்டார் பாண்டியம்மாள்.

குளிர்தொட்டிக்கு நானும் பொறியியல் பிரிவின் ஒருவரும் காவல் இருந்தோம். அரை மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்தேன். எங்கள் குலசாமி கோயிலிலிருந்து மனைவி போன் செய்தார். "நீங்க வரலேன்னு பூசாரி கேக்குறாரு. என்ன சொல்ல?"

"தப்பு என் பேர்ல. அபராதத்த அடுத்த வருசம் வந்து கட்டுறேன்னு சொல்லு."

ஐந்து நிமிடத்தில் மறுபடி அழைத்தார். "அத அப்பிடியே சொல்லிட்டேன். கெடா ஒண்ணு கூடன்னுட்டாரு."

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு வாசலில் பதினொரு பேரும் நின்றார்கள். நான்கு பேர் மொட்டை. எல்லோர் மீதும் சந்தன வாசம். காப்புக் கட்டியிருந்த இருவரும் அதை அவிழ்த்துவிட்டு வந்திருந்தார்கள். உள்ளே போகுமுன் வாசம் போகும்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். தொட்டியில் நாலரை டிகிரி. அறுவடை முடிந்த முப்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சுத்திகரிப்பு தொடங்கிவிட்டது.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு முதல் அட்டவணையில் சிவராத்திரியைச் சிவராத்திரி என்றே எழுதிவருகிறோம். எந்தத் தணிக்கையாளரும் சிரிக்கவில்லை. உங்கள் அட்டவணையில் ஒரு கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்பதை உள்ளபடி எழுதுங்கள். கூச்சத்தால் எழுதிய பொய் நமக்கு முன்பாகவே வேறொருவர் கண்ணில் காலி இடமாகப் படும். இடம் என்று கண்டால் யாராவது விற்பார்கள். நாமே விற்போம். அதோடு, கலனை அளக்குமுன் ஆட்களிடம் பேசுங்கள். அவர்களுக்குத் தெரிந்த கணக்கு நம் கணினியில் இல்லை.

சுத்திகரிப்பும் சோதனைகளும் முடியப் பல வாரமாயிற்று. இரண்டாயிரம் லிட்டரிலிருந்து கடைசியில் மிஞ்சியது தெளிந்த, நிறமில்லாத சில லிட்டர். தேறிவிட்டது. அளவும் போதுமானதாக இருந்தது, மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. உறைய வைத்த மருந்தை ஒரே பெட்டியில் அடுக்கி, மதுரை விமான நிலையத்துக்கு அனுப்பினோம். வழக்கமாக அனுப்புகையில் கிடங்குக்காரர் ஒருவர்தான் இருப்பார். அன்று மதியம் நான் போனபோது அறுவடைக் குழு பதினொரு பேரும் வாசலில் வெயிலில் நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. இருவர் தூக்கக்கூடிய அந்தப் பெட்டியை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேன் ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார். "ஒத்தப் பெட்டிக்கு இம்புட்டுப் பேரா? அப்பிடி என்னம்மா லோடு?"

பாண்டியம்மாள் வேன் கதவைச் சாத்தி, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"உள்ள பிள்ளைக இருக்குண்ணே. பள்ளத்துல பாத்து எறக்குங்க."